செசி நம்பரில் ஒரு பூச்சியம்

பழுதென்று கொம்பனி திருப்பி அழைத்த என் ஸ்கூட்டியின் வேலை கடைசியில் முடிந்துவிட்டது, அந்த வேலைக்கு நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் அதற்காக ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிக்கு மூன்று தரம் அலைந்தேன். அதில் இரண்டு வீண்.

மாங்குளம் வீதியில் பொழுதுபடுகிற நேரம் இஞ்சின் நின்றது. கியர் பைக் என்றால் பின்சில்லு இறுகியிருக்கும். ஸ்கூட்டியில் கிளச் தானாக விடுபடுவதால் உருண்டு போய் நின்றது. ஆனால் இந்த மாடலில் இஞ்சின் ஓடினால்தான் முன்விளக்கு எரியும், அதுவும் அணைந்துவிட்டது. இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கிற இடம், பின்னால் மகள். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

கராஜ் தம்பி வால்வ் மூடியைக் கழற்றிக் காட்டினார். கீழே ஒயில் நிறைய இருக்கிறது, மேலே ஒரு சொட்டும் ஏறவில்லை. வால்வைத் திறக்கிற கேம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. “அக்கா, ஒயில் பம்ப் பிழை. இந்த மாடலைக் கொம்பனியே கூப்பிட்டுச் சும்மா மாத்திக் குடுக்குது. என்னட்டச் செய்யாதேங்கோ” என்றார். அவருக்கு வரவேண்டிய வருமானம் அது, ஆனாலும் சொன்னார்.

எனக்குக் கடிதம் வரவில்லை. எப்படி வரும்? என் பெயருக்கு மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் வாங்கிய ஸ்கூட்டி. கடிதம் பதிவுப் புத்தகத்தில் உள்ளவரின் பெயருக்கே போகும், அவர் இப்போது கனடாவில்.

முதல் தரம் கிளிநொச்சியிலுள்ள கொம்பனியின் சேவை நிலையத்துக்குப் பஸ்ஸில் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை திருப்பி அழைப்புப் பட்டியலில் செசி நம்பரை (வாகனத்தின் உடற்சட்டத்தில் குத்தியிருக்கிற நம்பர்) தட்டிப் பார்த்துவிட்டு, “உங்கட ஸ்கூட்டி இதில இல்லை அக்கா” என்றார். நம்பித் திரும்பிவிட்டேன். வீட்டில் யோசித்தபோதுதான் பிடிபட்டது: நான் எழுதிக் கொடுத்த பூச்சியத்தை அவர் ‘ஓ’ என்று தட்டியிருக்க வேண்டும். செசி நம்பரில் 17 எழுத்து இருக்கும்; ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூச்சியம்தான். கையால் எழுதிக் கொண்டு போகாதீர்கள். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள், ஃபோனில் படமும் எடுங்கள்.

இரண்டாம் தரம் பட்டா (சின்ன லொறி) பிடித்து ஸ்கூட்டியையே ஏற்றிக்கொண்டு போனேன், 12,000 ரூபாய். நம்பர் பட்டியலில் இருந்தது. சரி என்று மூச்சு விட்டால், “ஓனர் வரவேணும், இல்லாட்டி அவற்ற கடிதம்.” கனடாவிலிருந்து ஆளைக் கூப்பிடுவதா? ஒரு மணித்தியாலம் நின்று கேட்டேன்: பழுது வாகனத்திலா, ஆளிலா? மனேஜர் வந்த பிறகு புத்தகப் பிரதி, என் பெயரில் உள்ள இன்சூரன்ஸ், அடையாள அட்டை மூன்றையும் காட்டினேன். அவர் கொழும்புக்கு எடுத்துப் பேசினார். செசி நம்பர் போதும் என்று பதில் வந்தது. ஆனால் சாமான் கையிருப்பில் இல்லை. ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். போகுமுன் ஃபோனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம்பர் பட்டியலில் இருக்கிறதா, சாமான் வந்துவிட்டதா? பதில் சொன்னவரின் பெயரையும் குறித்து வையுங்கள்.

மூன்றாம் தரம் பம்ப், கேம் இரண்டும் மாற்றி, ஓடிப் பார்த்துத் தந்தார்கள். பில்லில் மட்டும் ஒயிலுக்கும் காஸ்கட்டுக்கும் 4,800 ரூபாய் போட்டிருந்தார்கள். பம்பை மாற்ற ஒயிலை வடிக்கத்தானே வேண்டும், அதற்கு நான் ஏன் காசு கட்டவேண்டும்? 1977க்கு அடித்து நுகர்வோர் அதிகாரசபையில் சொல்லப் போகிறேன் என்றேன். சத்தமில்லாமல் வெட்டிவிட்டார்கள்.

இன்னொன்று. இஞ்சின் கேஸையே (வெளிக்கூட்டையே) மாற்றினால் இஞ்சின் நம்பரும் மாறும். அதைப் பதிவுப் புத்தகத்தில் திருத்தாவிட்டால் பின்னர் விற்கும்போது மாட்டுப்படுவீர்கள். எனக்குக் கேஸ் மாறவில்லை. ஆனாலும் ஜொப் கார்ட்டில் “திருப்பி அழைப்பு வேலை, முடிந்தது” என்று எழுதி, சீல் குத்தித் தரும்வரை நான் கவுண்டரை விட்டு நகரவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் இதே மாடல், அவவும் இரண்டாம் கையாக வாங்கியதுதான். நேற்றுப் பின்னேரம் டோர்ச் வெளிச்சத்தில் அவவின் நம்பரையும் உரசி எடுத்துக் கொடுத்தேன். பட்டியலில் இருக்கிறதாம்.