இழை தொடங்கும் இடம்

ஆக்டின் என்பது செல்லுக்குள் இழைகளாகச் சேரும் ஒரு புரதம். அதை வைத்துச் செய்யும் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது, உப்பைச் சேர்த்தபின் ஒன்றுமே நடக்காத அந்தச் சில நிமிடங்கள். ஐஸில் வைத்திருந்த ஆக்டின் கரைசலில் பொட்டாசியம் குளோரைடும் மெக்னீசியமும் கலந்து, குவெட் என்ற சிறு குப்பியில் ஊற்றி, ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரோமீட்டரில் வைப்பேன். ஆக்டினில் ஒரு சிறு பங்குக்குப் பைரீன் சாயம் ஒட்டியிருக்கும். தனி மூலக்கூறாக இருக்கும்வரை அது மங்கல்தான். இழையில் சேர்ந்ததும் பல மடங்கு ஒளிரும். திரையில் கோடு ஏறினால் இழை வளர்கிறது என்று அர்த்தம். முதலில் அந்தக் கோடு அசையவே அசையாது.

இரண்டு ஆக்டின்கள் ஒட்டிக்கொண்டாலும் உடனே பிரிந்துவிடும். மூன்று, நான்கு சேர்வதற்குள்தான் பெரும்பாடு. அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் தடையில்லை. சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழை மளமளவென்று நீளும்.

இந்தத் தயக்கம் இல்லாவிட்டால் செல் பிழைக்காது என்று நினைக்கிறேன். உள்ளே ஆக்டின் அவ்வளவு இருக்கிறது. கண்ட இடத்திலெல்லாம் இழையாகிவிடும். இழை தானாகத் தொடங்குவதைப் புரோஃபிலின் என்ற இன்னொரு புரதம் இன்னும் கடினமாக்குகிறது. தேவைப்படும் இடத்தில் மட்டும் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டு தூண்டப்படும். அது பழைய இழையின் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஏறக்குறைய 70 டிகிரி கோணத்தில் புதுக் கிளையைத் தொடங்கி வைக்கும். அதிலுள்ள ஆர்ப்2, ஆர்ப்3 இரண்டும் ஆக்டினைப் போலவே மடிந்தவை. அதனால் முதல் இரண்டு மூலக்கூறுகளின் இடத்தில் அவையே நின்றுவிடுகின்றன. அதே குவெட்டில் ஆர்ப்2/3-யையும் அதைத் தூண்டும் புரதத் துண்டையும் போட்டுப் பாருங்கள், கோடு காத்திருக்காது.

நம் செல்லுக்குள் புகும் லிஸ்டீரியா பாக்டீரியா இதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. தன் மேற்பரப்பில் ஆக்ட்ஏ என்ற புரதத்தை வைத்து, நம் செல்லின் ஆர்ப்2/3-யைத் தூண்டிவிடும். பின்னால் கிளைவிடும் இழைகள் வாலாக வளர்ந்து அதை முன்னே தள்ளும். 1999-இல் உயிர்வேதியியலாளர் மரி-ஃப்ரான்ஸ் கார்லியே குழுவினர், சுத்திகரித்த சில புரதங்களை மட்டும் கலந்து லிஸ்டீரியாவை நகர வைத்தார்கள். ஆக்டின் இழையை இழுத்து விசை தரும் மயோசின் என்ற புரதம் தேவைப்படவில்லை. இழை வளர்வதே அந்த விசையைத் தந்தது.

அந்தக் கலவையில் எனக்கு முக்கியமாகப் படுவது கேப்பிங் புரதம். வளர்கிற நுனியை மூடிவிடுவது அதன் வேலை. அது இல்லாமல் நகர்வு சரிப்படவில்லை. பழைய நுனிகள் மூடியிருந்தால்தான் ஆக்டின் மூலக்கூறுகள் வீணாகாமல், பாக்டீரியாவை ஒட்டி இப்போது முளைத்த நுனிகளுக்குப் போய்ச் சேரும்.