முட்டை மட்டைக் கடதாசியும் ஒரு கல்வெட்டும்

விடுமுறைப் பயிற்சிக்கு எங்கே போவது என்று வகுப்பில் பேச்சு வந்தபோது மற்றவர்கள் எல்லாரும் கொழும்பு விளம்பர நிறுவனங்களின் பெயராகச் சொன்னார்கள். நான் கிளிநொச்சியில் ஒரு அச்சகம் என்றேன். பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. வீடு வட்டக்கச்சி, சாப்பாட்டுச் செலவு கிடையாது, கொழும்பில் அறை எடுத்தால் வாடகை கட்ட ஆளில்லை. அதோடு கையால் கடதாசி செய்வதுதான் என்னுடைய புரொஜெக்ட். வாழைக்கும் வைக்கோலுக்கும் கொழும்பில் எங்கே போவது? இங்கே இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் விளைந்து அறுவடை முடிகிற நேரம்.

அச்சகத்து வேலையைப் பற்றி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. பூப்புனித நீராட்டு விழா பனர், கடைக்காரர்களின் பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், கல்வெட்டு. (தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் கோயில் சுவரை நினைக்க வேண்டாம். இங்கே ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, நன்றி நவிலல் எல்லாம் இருக்கும்.) எழுத்துரு என்றால் யுனிகோட்டுக்கு முந்திய பாமினிதான். வெளிநாட்டிலிருந்து மகன் யுனிகோட்டில் அனுப்புவார், பக்கம் அமைக்கிற எங்களுடைய பழைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு அது விளங்காது. பாமினிக்கு மாற்றி, உடைந்த கொம்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அரை நாள் போய்விடும். வகுப்பில் எழுத்துருவியல் என்று அழகழகாகப் படித்ததெல்லாம் அந்த அரை நாளில் கரைந்து போகும்.

எனக்கு ஒதுக்கப்பட்டது படம் திருத்துகிற வேலை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த வீடுகளில் அல்பம் அநேகமாக மிஞ்சவில்லை. மிஞ்சியது பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போன அடையாள அட்டை. கீறல் விழுந்து மஞ்சளித்த லமினேற்றுக்குள் முத்திரை அளவில் ஒரு கறுப்பு வெள்ளை முகம். கல்வெட்டின் ஏ5 முன் அட்டையை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நிரப்ப 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். இந்த முகத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணினால் வருவது முகமும் லமினேற்றின் கீறலும் சரிபாதி.

ஒரு அக்கா தன் தாயின் கல்வெட்டுக்கு அப்படி ஒரு அட்டையோடு வந்தா. கடைகளில் பட்டுச்சேலையும் நகையும் போட்ட உடம்பு தயாராக இருக்கும், தலையை மட்டும் ஒட்டுவார்கள். அவவும் அதைத்தான் கேட்டா. "காதுக்கு ஒரு கல்லுத்தோடு போட்டு விடும் பிள்ளை."

"எப்படித் தோடு அக்கா? ஏதாவது படம் இருக்கோ?"

"படம் எங்கை? இந்தப் படம் எடுக்கேக்கை அது அடைவிலை கிடந்தது."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தா. பிறகு கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அப்படியே விடும்" என்றா. வெறுங்காதோடுதான் அந்தப் படம் போனது. கல்லுத்தோடு வரைவது ஐந்து நிமிட வேலை. ஆனாலும் அவ அப்படியே விடச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இனிக் கடதாசி. வாழை மடலை உரித்து, காயவிட்டு, விரல் நகமளவு துண்டுகளாக வெட்ட வேண்டும். நீளமாக விட்டால் நார் எதிலும் சுற்றிக்கொள்ளும். கோஸ்ரிக் சோடாவை அம்மா வளவுக்குள்ளேயே விடவில்லை, அதனால் அடுப்புச் சாம்பலைக் கரைத்து வடித்த தண்ணீரில் அவித்தேன். சாம்பலும் காரம்தான், வேகம் குறைவு, நேரம் எடுக்கும். நாரைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் கரைந்து, கையால் இழுத்தால் மடல் நூல் நூலாகப் பிரிய வேண்டும். அதுவரை மூன்று கல் வைத்து வெளியில் எரித்தேன். அப்புறம் நன்றாகக் கழுவி உரலில் இடிப்பது. மிக்சியில் போடலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். மிக்சியின் பிளேட் நாரை வெட்டித்தான் போடும். உலக்கை நசுக்கும், நாரின் பக்கமெல்லாம் சிலும்பு எழும்பும். அந்தச் சிலும்புகள் ஒன்றையொன்று பிடித்தால்தான் ஒற்றை (தாள்) உரமாக வரும்.

நுளம்பு வலை அடித்த சட்டத்தைக் கூழ்த்தொட்டிக்குள் இறக்கி, கிடையாகத் தூக்கி, முன்பின்னாகவும் இடம்வலமாகவும் ஒரு உலுக்கு. தண்ணீர் இறங்குவதற்குள் அதைச் செய்ய வேண்டும், இறங்கிய பிறகு உலுக்கினால் கூழ் கிழியும். பிறகு ஈரமான பழைய சாரத்தின் மேல் சட்டத்தைக் கவிழ்த்து, ஒரு ஓரத்தை அழுத்தி மறு ஓரத்தைத் தூக்கினால் ஒற்றை துணியில் தங்கிவிடும். காயவைப்பதுதான் இங்கே வில்லங்கம். ஆவணிச் சோளகம் ஒற்றையை அவசரமாக உலர்த்திச் சுருட்டிவிடுகிறது. ஈரத்தோடு யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் சுருளாது, கண்ணாடிப் பக்கம் வழவழப்பாகவும் வரும்.

வைக்கோலையும் விட்டுவைக்கவில்லை. அதன் நார் குட்டை, ஒற்றை காய்ந்ததும் கலகலக்கும், மடித்தால் முறியும். வாழையோடு கலந்தால் சரி. 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு இந்த வைக்கோல்தான் முக்கிய மூலப்பொருளாக இருந்தது. வைக்கோலை ஆலை அளவில் அவிக்க வேண்டிய கோஸ்ரிக் சோடாவை ஒரு காலத்தில் எங்கள் பரந்தனிலேயே செய்தார்கள், அதற்கு வேண்டிய உப்புக்கு ஆனையிறவு உப்பளம் பக்கத்தில். அந்தத் தொழிற்சாலை போரோடு நின்றது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தோம். எனக்கு இதில் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

"ஒரு ஒற்றைக்கு இவ்வளவு பாடோ" என்று அம்மா முதலில் சிரித்தா. பிறகு உலக்கையை வாங்கி இடித்துக்கொண்டே தொண்ணூறுகளின் கதையை எடுத்தா. பொருளாதாரத் தடை நேரம் பத்திரிகை கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்ததாம், கோட்டுக்கு மேலே செய்தி ஓடுமாம். அந்தப் பத்திரிகை ஒன்றாவது கிடைத்தால் வகுப்பில் கொண்டுபோய்க் காட்ட எனக்கு ஆசை.

சரி, ஒற்றைகளைக் கட்டி அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். மெசின் ஓட்டுகிற ஐயா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பிள்ளை, இதை மெசின் தூக்காது." ஹைடல்பேர்க் காற்றால் உறிஞ்சித்தான் தாளைத் தூக்கும். என்னுடைய ஒற்றையில் காற்று நுழைந்து மறுபக்கத்தால் போய்விடும். ஓப்செற்றில் போட்டால் உதிர்கிற சிலும்பு மையைத் தாளுக்கு மாற்றுகிற ரப்பர் பிளாங்கெற்றில் ஒட்டும், அதைக் கழுவுவது யார்? அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. ஸ்கிரீன் பிரிண்ட்தான் வழி என்று ஆனது. அரிசிக் கஞ்சி பூசிக் காயவைத்தால் மை ஊறிப் பரவாது.

மேசையில் கிடந்த மாதிரியை அந்தக் கல்வெட்டு அக்கா தடவிப் பார்த்தா. "இதிலை அட்டை போடேலாதோ?" எனக்குத் தலைகால் புரியவில்லை. இரவோடு இரவாகப் படத்தை அதில் அச்சடித்து, கனடாவில் இருக்கிற அவவின் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். விடிய வந்த குரல் பதிவில், "என்னக்கா இது, முட்டை மட்டையிலை அம்மாவை அடிச்சிருக்கிறியள்?"

எரிச்சலோடுதான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மை நாருக்குள் இறங்கி முகம் கறுத்திருந்தது, கண்ணும் மூக்கின் ஓரமும் கலங்கிப் போயிருந்தன. அடையாள அட்டையிலிருந்து கீறல் கீறலாக மீட்ட முகம். தம்பி சொன்னது நியாயம். அந்த முகத்துக்கு மினுக்கமான ஆர்ட் போர்ட்தான் சரி. திதி வெண்பாவுக்கு நாலு வரி போதும், எழுத்தையும் பெரிதாகப் போடலாம், அது நார்க் கடதாசியில் நன்றாக நிற்கும். அதனால் அட்டை ஓப்செற்றில் போனது. அட்டையைத் திறந்ததும் வரும் முதல் ஒற்றை என்னுடையது, அதுவும் வீட்டாருக்கான இருபத்தைந்து பிரதிக்கு மட்டும். ஓரத்தை நறுக்க வேண்டாம் என்று கட்டர்காரரிடம் மன்றாட வேண்டியிருந்தது. கோணலாக நிற்கிற ஓரத்தைக் கண்டால் அவருக்குக் கை துடிக்கும்.

தம்பி பிறகு இரண்டு பிரதி கேட்டு எழுதினாராம். எந்தக் கடதாசிக்காக என்று நான் கேட்கவில்லை.

இப்போது கஞ்சிக்குப் பதிலாக ஜெலற்றின் பூசிப் பார்க்கப் போகிறேன், கஞ்சி பூசியதைக் கரப்பொத்தான் விடுகிறதில்லை. வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கம் யாரிடமாவது பாவிக்காத உரல் கிடந்தால் சொல்லுங்கள், வந்து ஏற்றிக்கொள்கிறேன். அம்மா எங்களுடையதை மிளகாய்த்தூள் இடிக்கத் திருப்பிக் கேட்கிறா.