நான்காவது முறையில் அடங்கிய சூடு

ஆறு வாரங்களாக என் மடிக்கணினி 80 டிகிரியைத் தாண்டவில்லை. இதற்கு முன்பு மூன்று முறை அதைத் திறந்து மூடி, மூன்று முறையும் வென்றுவிட்டதாக நம்பி ஏமாந்தவன் என்பதால், இந்த முறை ஆறு வாரம் பொறுத்திருந்து பார்த்த பிறகே எழுதுகிறேன்.

கணினி பழையது, ஐ5-8250யு செயலி. குறைந்த மின்சாரம் இழுக்கும் 15 வாட் செயலிதான் என்றாலும், எங்கள் கேரம் மன்றத்தின் போட்டிக் காணொளிகளைத் தொகுத்து ஏற்றுமதி செய்யும்போது அரை மணி நேரம் நான்கு கோர்களும் முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் என் அறையில் அக்கினி நட்சத்திரத்தின்போது காற்றே 34 டிகிரி. 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டக்கூடிய செயலி, ஐந்தாவது நிமிடத்தில் 99 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ள 1.3 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது.

முதல் முறை திறந்தபோது, செயலியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் செதில்களுக்கு முன்னால் வெள்ளைக் கம்பளித் துண்டு போல ஒன்று படிந்திருந்தது. ஆட்டப் பலகைக்குப் பக்கத்திலேயே கணினியை வைத்துப் படம்பிடித்ததன் பலன் அது: கேரம் பவுடர், துணிப் பஞ்சு, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தெருப்புழுதி ஆகிய மூன்றையும் கடற்காற்றின் ஈரம் சேர்த்துப் பிசைந்திருந்தது. தூரிகையால் அகற்றினேன். எட்டு டிகிரி குறைந்தது, போதவில்லை.

இரண்டாவது முறை, செயலிக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதியதைப் பூசினேன். 82 டிகிரி வந்ததும் மன்றத்தில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். மூன்றே வாரத்தில் 95. என் கைத்திறனில்தான் குறை என்று எண்ணி, இன்னொரு பேஸ்டை வாங்கி, பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் சீராகப் பரப்பினேன். மீண்டும் மூன்று வாரம், மீண்டும் 94. மறுபடி ஹீட் சிங்க்கைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. செயலிச் சில்லின் நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. பேஸ்ட் முழுவதும் ஓரங்களில் வரம்பு கட்டி நின்றது. மேசைக் கணினிச் செயலிக்கு இருப்பது போன்ற உலோக மூடி மடிக்கணினிச் சில்லுக்குக் கிடையாது. சிலிக்கனும் செம்பும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் நடுவிலிருக்கும் பேஸ்ட் சிறிது சிறிதாக வெளியே பிதுக்கப்படுகிறது. பூசியவனின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு மாற்றாகப் பலரும் சொல்வது ஹனிவெல்லின் பி.டி.எம். 7950 என்ற தாள். கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள இது, சுமார் 45 டிகிரியில் இளகிச் சில்லின் நுண்மேடு பள்ளங்களை நிரப்பும். ஆனால் பேஸ்டைப் போல ஓடி வெளியேறாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். நான் கேட்ட முதல் மூன்று கடைகளில் பேஸ்ட் குப்பியைத்தான் நீட்டினார்கள்; நான்காவது கடைக்காரர் மட்டும் பெயரைச் சொன்னதும் புரிந்துகொண்டு உள்ளிருந்து எடுத்து வந்தார். இதில் போலிகளும் உலவுவதால், கடைக்காரர் நமக்குத் தெரிந்தவராக இருப்பது நல்லது. பழைய பேஸ்டைத் துடைக்க அங்கேயே 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வாங்கிவிட்டேன். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் நீர் மிகுதி.

தாளை ஒட்டுவது எளிது. அதன் மேலுறையை உரிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தாளின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். உறையோடு சேர்த்துச் சில்லின் அளவுக்கு வெட்டி, ஒரு பக்க உறையை நீக்கிச் சில்லின்மேல் அமர்த்திய பிறகு, மேலுறையை உரிக்க வேண்டும். என் அறையின் சூட்டில் தாள் முன்பே பாதி இளகிவிட்டதால், உறையோடு அதுவும் கிழிந்து வந்தது. ஒரு துண்டு வீண். தாளை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால், நம் ஊர் ஈரக்காற்றில் நொடியில் நீர் பூத்துவிடுகிறது. அதைச் சில்லின்மேல் வைக்க எனக்குத் துணிவில்லை. தாளைக் குளிர்விப்பதை விட, சில்லின்மேல் இருக்கும் உறையைக் குளிர்விக்கலாமே என்று தோன்றியது. முதலில் ஸ்ட்ரைக்கரை ஃப்ரீசரில் வைத்து எடுத்து மேலே அழுத்தினேன். பிளாஸ்டிக் என்பதால் குளிர்ச்சி இறங்கவே இல்லை. அடுத்து, பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். 9 கிராம் எடையும் 23 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள அது சில்லை முழுவதும் மூடிவிடுகிறது. ("வஞ்சிரம் இருக்கிற இடத்துல காசு எதுக்குடா?" என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை.) நாணயத்தை உலர்ந்த துணியால் துடைத்து, உறையின்மேல் இருபது நொடி வைத்து எடுத்து, ஒரு மூலையிலிருந்து உறையைப் பின்னோக்கி மடித்தவாறு உரித்தேன், தாள் அசையாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு, ஹீட் சிங்க்கின்மேல் பொறித்திருந்த எண் வரிசைப்படி திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்கியதோடு வேலை முடிந்தது.

முதல் நாள் 87 டிகிரி காட்டியதும் மனம் சோர்ந்தது உண்மை. நான்கைந்து முறை சூடேறி ஆறிய பிறகுதான் தாள் சமமாகப் படிகிறது. ஐந்தாம் நாள் 79, வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸில் நிலைத்தது. இப்போது ஆடி மாதம், அறையில் 32 டிகிரி. எனவே மே மாதத்தோடு ஒப்பிடும்போது இரண்டு டிகிரியைக் கூட்டிக்கொள்வதே நேர்மை. அப்படிக் கூட்டினாலும் பேஸ்டின் முதல் நாள் கணக்கை விட இது குறைவு.

அடுத்து மின்விசிறி. முழு வேகத்தில் அது கரகரக்கிறது. பேரிங்கில் எண்ணெய் விடுவதா, விசிறியையே மாற்றுவதா என்று முடிவு செய்யவில்லை. செயலியின் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் ஆசையும் உண்டு. அதற்கு முன்பு கீழ்மூடியின் இரண்டு திருகுகளைத் தேட வேண்டும். உரிக்கும் பதற்றத்தில் எங்கோ உருண்டுவிட்டன. இப்போதைக்கு அந்த மூலையை இன்சுலேஷன் டேப்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.