பழைய சீட்டைக் கிழிக்காதீங்க

எங்கள் தாவரவியல் சாரின் அடக்க ஆராதனைக்குத் தாம்பரம் போய் வந்து பத்து நாளாகிறது. இரங்கல் கூட்டத்தில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இரவு எழுதியதைக் காலையில் எடுத்துப் படித்தேன். ‘யாரிடமும் கோபப்பட்டு அறியாதவர்’ என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அது உண்மையில்லை. வண்டலூர் பக்கம் ஒரு குருந்து மரத்தை யாரோ வெட்டிக் கொளுத்தியிருந்ததைப் பார்த்து அவர் கத்தியதைக் கேட்டவன் நான். அன்று மாலை வரை எங்களோடு பேசவில்லை. அந்த வரியை அடித்தேன். பார்த்ததை மட்டும் எழுது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றியே பார்க்காததை எழுதலாமா?

1986-இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தேன். செய்யாறு பக்கத்துக் கிராமத்தான். ஆங்கிலம் காதில் விழுந்தாலே வயிற்றைப் பிசையும். முதல் நாள் சார் எங்களை வகுப்பில் உட்கார வைக்கவில்லை. வளாகத்துப் புதர்க்காட்டுக்குள் கூட்டிப்போனார். கல்லூரி 1937-இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது கிடைத்த பரந்த நிலம் அது. அதில் மரங்கள் நட்டு வளர்க்க முன்னின்றவர் எட்வர்ட் பார்ன்ஸ். வேதியியல் பேராசிரியர்தான், ஆனால் மலைமலையாக ஏறிச் செடி சேகரித்தவர். அரிசீமா என்கிற செடி வகையில் ஓர் இனத்துக்கு அவர் பெயரே இருக்கிறது. பார்ன்ஸைப் பற்றிப் பேசும்போது சார் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

ஒரு இலையைப் பறித்து என் கையில் கொடுத்து, “வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க தம்பி” என்றார். பிடித்தேன். இலை முழுக்க ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள். கசக்கி முகர்ந்தால் நாரத்தை வாசம். “உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?” “குருந்துங்க சார்.” சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பெயரையும் என் ஊரையும் தேதியையும் எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் விறகுக்கு வெட்டுகிற முள்மரத்தின் பெயர் ஒரு பேராசிரியரின் நோட்டில் ஏறியது. அன்றைக்கு வயிற்றைப் பிசைவது நின்றது.

அந்த ஆண்டு மார்கழியில் செங்கல்பட்டுப் பக்கம் குன்றுகளில் சேகரித்த செடிகளை, உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியத்துக்குத் தயார் செய்தேன். காய்ந்த செடியை அட்டையில் ஒட்டிவிட்டால் போதாது. எங்கே, எப்போது, எந்த மண்ணில், பூ என்ன நிறம் என்று வலது கீழ் மூலையில் சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லாத செடி வெறும் சருகு. நிறத்தை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் செடியை அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸில் காயும்போது பல பூக்களின் நிறம் போய்விடும். நான் குறிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து விடுதியில் உட்கார்ந்து, எதிரே இருந்த காய்ந்த பூவைப் பார்த்து, விஷ்ணுகிராந்திக்கு ‘வெள்ளை’ என்று எழுதிவிட்டேன்.

சார் அதைப் படித்ததும் முகம் மலர்ந்தது. “வெள்ளையா? நீலமாத்தானே நிறைய பார்த்திருக்கோம். வர்ற சனிக்கிழமை போய்ப் பார்த்துடலாம் தம்பி.” ஞாயிறு அவருக்குக் கோயிலுக்கும் பாடகர் குழுவுக்கும். விஷ்ணுகிராந்தி காலையில் மலர்ந்து உச்சிப்பொழுதுக்குள் மூடிவிடும் என்பதால் விடியற்காலை ரயில். என்னைச் சோதிக்க அவர் வரவில்லை; நான் எழுதியதை நம்பி வந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. ரயிலில் சொல்லிவிடலாம் என்று நான்கைந்து முறை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

சரளைச் சரிவில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. அத்தனையும் நீலம். சார் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனார். அரை மணி நேரம் பொறுத்துச் சொன்னேன். “நான் பார்த்து எழுதலைங்க சார்.” அவர் நிமிர்ந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். “சரி. இப்ப பார்த்தாச்சு இல்ல? எழுதுங்க.” நான் பழைய சீட்டை மாற்றிவிடுகிறேன் என்றேன். “அதைக் கிழிக்காதீங்க. பக்கத்துல புதுசா ஒண்ணு ஒட்டுங்க, இன்னைக்குத் தேதி போட்டு. தப்பும் அங்கேயே இருக்கட்டும். பின்னால வர்றவங்களுக்கு ரெண்டும் தெரியணும்.”

பிறகு நான் 31 ஆண்டுகள் வேறொரு கல்லூரியில் வேலை பார்த்தேன். மூன்றாவது ஆண்டில் இரண்டு மாணவிகளின் அக மதிப்பெண்ணை மாற்றிப் பதிந்துவிட்டேன். பட்டியல் பலகையில் ஏறிய பிறகுதான் கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் புதுத் தாள் ஒட்டியிருக்கலாம். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வகுப்பில் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். மதிப்பெண் குறைந்த பெண் அழுதாள். அவளுக்குச் சமாதானம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் ரெக்கார்டு நோட்டில் எண்ணைச் சுரண்டித் திருத்தவில்லை. அதை சாருக்குக் கடிதமாக எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பெண் இப்போது எப்படியிருக்கிறாள் என்பதுதான் முதல் வரி.

இரங்கல் கூட்டத்துக்கான பக்கங்களில் இப்போது பெரிய வார்த்தைகள் எதுவும் மிஞ்சவில்லை. அடித்த வரிகளை அடித்தபடியே விட்டிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமையைத்தான் வாசிக்கப் போகிறேன். திரும்பும் ரயிலில் சார் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் வழக்கம் போலக் கண்ணை மூடி ஜெபித்தார். ஆறு இட்லியில் மூன்றை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். எதிர் இருக்கைக் குழந்தை பாலிதீன் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கொடியை எடுத்து அதன் கையில் கொடுத்தார். பூக்கள் மூடிவிட்டிருந்தன. “காலையில நீலமா இருந்துச்சு பாப்பா” என்றார், என்னைக் காட்டி. “இந்த அண்ணன் பார்த்தாரு.”