ரீச்சரின் டைனமோ

பௌதிக ரீச்சர் காலமான செய்தி, கனடாவில், ஸ்காபரோவில் பனி கொட்டிய ஒரு காலையில் வந்தது. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி போட்டிருந்தாள். அதன் கீழே ஒவ்வொருத்தியாக எழுதியது ஒன்றைத்தான்: அந்த டைனமோ.

1994. நான் பெண்கள் பள்ளியொன்றில் உயர்தரம், கணிதப் பிரிவு. வகுப்பில் ஒன்பது பேர். யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று நான்கு வருடம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மின்னியல் முழுவதும் கரும்பலகையில்தான் நடந்தது.

பின்னேரம் ரியூட்டரி, தனியார் வகுப்பு. அங்கே பெடியளும் நாங்களும் ஒரே கொட்டிலில். ஒருநாள் தூண்டல் மின்னோட்டத்தில் சந்தேகம் கேட்க எழுந்தேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு வயர் வேலை என்னத்துக்கு? சூத்திரத்தைப் பாடமாக்கும், காணும்" என்றார் படிப்பித்தவர். பின்வாங்கு முழுவதும் சிரித்தது. அதற்குப் பிறகு அங்கே நான் வாய் திறக்கவேயில்லை.

மறுநாள் ரீச்சரிடம் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் லுமாலா சைக்கிளை ஆய்வுகூடத்துக்குள் உருட்டிவந்து தலைகீழாக நிறுத்தினார். ஸ்பானரைத் தந்து, சில்லில் உரசி லைற்றை எரியவைக்கும் டைனமோவைக் காட்டி, "கழட்டும் பிள்ளை" என்றார். துருப்பிடித்த நட்டு. மூன்று தரம் வழுக்கி விரல் தோல் உரிந்தது. ரீச்சர் கை கொடுக்கவில்லை; பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவழியாகத் திறந்தால் உள்ளே கம்பிச்சுருள், நடுவில் காந்தம்.

"எது சுத்துது, எது நிக்குது?"

"காந்தம் சுத்துது ரீச்சர்."

திரும்பப் பூட்டிப் பெடலைக் கையால் சுற்றினேன். மெல்லச் சுற்ற பல்பின் இழை சிவந்தது. வேகமாகச் சுற்ற ஆய்வுகூடமே வெளிச்சமானது. காந்தப் பாயம் மாறும் வேகம் கூடினால் மின்னியக்க விசை கூடும் என்பதை நான் பாடமாக்கவே தேவைப்படவில்லை.

பெண்கள் பள்ளியால் என்ன நன்மை என்று கேட்டால் எனக்கு அந்த நட்டுத்தான் நினைவுக்கு வரும். கழற்ற வேறு ஆள் இல்லை. பங்கர் வெட்டியது நாங்கள், மேசை தூக்கியது நாங்கள், பாண்டில் பெரிய மேளம் அடித்தது எங்களில் ஒருத்தி. 1824 இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோ பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கியபோது எழுந்ததும் இதே "என்னத்துக்கு" தான். எங்கள் வளவுக்குள் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

என் மகள் இங்கே கலவன் பள்ளியில் படிக்கிறாள். கெட்டிக்காரி. அவளுடைய ரோபோ போட்டிக்குப் போயிருந்தேன். ஸ்க்ரூடிரைவர் பெடியளின் கையில். இவள் கொப்பியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். "அவங்கள் கெதியாச் செய்வாங்கள் அம்மா" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளாகவே ஒதுங்கி நின்றாள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1995 இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய சனம் 1996 இல் திரும்பியபோது ரீச்சரும் திரும்பிப்போய்ப் படிப்பித்தார். நான் கொழும்பு, அப்புறம் கனடா. இத்தனை வருடத்தில் இரண்டே தரம் தொலைபேசியில் கதைத்தேன்.

நேரில் கடைசியாகக் கண்டது அந்த வெளியேற்றத்தில், 1995 ஒக்டோபர் 30 இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் அடிமேல் அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரீச்சர். முன்கூடையில் பொலித்தீன் சுற்றிய, மின்னோட்டம் காட்டும் ஆய்வுகூடக் கல்வனோமானி.

"பள்ளிக்கூடம் துவங்கினவுடன இதை நீர்தான் பூட்டவேணும், என்ன?"

"ஓம் ரீச்சர், வருவன்" என்றேன்.