மேல்முதுகு வலியும் புல்லட் ஹேண்டில்பாரும்

ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். இருப்பு காரைக்குடி. காலையில் கானாடுகாத்தான், மதியம் பள்ளத்தூர், சாயங்காலம் தேவகோட்டை என்று பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். தோள்பட்டை எலும்பு இரண்டுக்கும் நடுவே வலி பிடித்தபோது வீட்டில் எல்லோரும் வேலையைத்தான் குறை சொன்னார்கள். எனக்கு வண்டி மேல் சந்தேகம். குனிந்து கல் பதிக்கிற நாளில் இடுப்புதான் கடுக்கும். தேவகோட்டை போய்த் திரும்புகிற நாளில்தான் மேல்முதுகு எரியும்.

என்னுடையது இன்னொருவரிடம் வாங்கிய பழைய புல்லட். அவர் அழகுக்காக ஒரிஜினல் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுத் தாழ்வான நேர் பார் போட்டிருந்தார். மிடுக்காகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிடிக்க எட்டும்போது முதுகு வில்லாக வளைகிறது, முழங்கை நீண்டு விறைக்கிறது. மடங்கிய முழங்கை என்றால் ரோட்டுப் பள்ளத்தின் அதிர்வில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். விறைத்த கையில் அதிர்வு நேரே தோளுக்கு ஏறும். போதாததற்கு, முன்னால் சாய்ந்தபடியே ரோட்டைப் பார்க்கத் தலையை அண்ணாந்து வைக்க வேண்டும். தலையே சுமார் 5 கிலோ, ஹெல்மெட் ஒரு கிலோவுக்கு மேல். அத்தனையையும் கழுத்துக்குக் கீழே உள்ள தசைகள் விடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. பிசியோதெரபிஸ்ட் அம்மா கட்டைவிரலால் அழுத்திக் காட்டிய இடமும் அதுதான்.

புது பார் வாங்குமுன் ஒன்று செய்து பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கை லேசாக மடங்கியிருக்கக் கையை முன்னால் நீட்டுங்கள். கை சிரமமில்லாமல் நிற்கிற இடத்தில்தான் கைப்பிடி இருக்க வேண்டும். எனக்கு அது நாலு விரற்கடை முன்னாலும் கீழேயும் கிடந்தது. கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, இருக்கிற பாரையே நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், செலவே இல்லை. நேர் பாரில் திருப்ப வளைவு ஏது?

“அண்ணே, ரைசர் வச்சுத் தூக்கிடலாமே” என்றார் மெக்கானிக் தம்பி. ரைசர் என்பது பாருக்கு அடியில் வைக்கிற உயரத் துண்டு. சாதாரண ரைசர் உயரத்தைக் கூட்டும், பாரை நம் பக்கம் கொண்டுவராது. எனக்கு இரண்டும் வேண்டும். அதனால் பழையபடி உயர்ந்து பின்னால் வளைந்த ஒரிஜினல் பாரையே போடச் சொன்னேன். கைப்பிடிப் பக்கம் அதுவும் 22 மில்லிமீட்டர் குழாய்தான் என்பதால் லீவர், ஸ்விட்ச் எல்லாம் அப்படியே ஏறின.

கவனம் வேண்டியது கேபிளில். என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினோம். இடது பக்கம் ஒடிக்கும்போது சத்தம் தானாக ஏறியது. ஆக்சிலேட்டர் கேபிள் ஹெட்லைட்டுக்குப் பின்னால் சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்க்காமல் வண்டியை எடுத்தால், வளைவில் திரும்பும்போது வண்டி தானாக வேகம் பிடிக்கும். கேபிளை வேறு வழியாகக் கொண்டுவந்ததும் சத்தம் சீரானது. பார் உயர்ந்து கேபிள் எட்டவில்லை என்றால் நீளமானதுதான் மாற்ற வேண்டும், இழுத்துக் கட்டக் கூடாது. டிஸ்க் பிரேக் ஹோஸுக்கும் இதே விதி. கடைசியாக, விரலை லீவர் மேல் வைத்தால் மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேராக இருக்கும்படி லீவரைச் சாய்த்து இறுக்கினோம்.

வலி ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன தோள்பட்டைப் பயிற்சியையும் நான் விடவில்லை. நிமிர்ந்து உட்காருவதில் குறையும் உண்டு: திருச்சி–இராமேஸ்வரம் ரோட்டில் காற்று நெஞ்சில் அறைகிறது, வேகத்தடை இப்போது இடுப்பில் தெரிகிறது. எனக்கு அது பரவாயில்லை, நான் வேகமாகப் போகிறவன் இல்லை.

கை மரத்துப்போவது, வலி விரல் வரை இறங்குவது என்றிருந்தால் மட்டும் பாரைத் தொடுமுன் டாக்டரைப் பாருங்கள். கழுத்து நரம்பு அழுந்தினாலும் அப்படி வரும்.