பனி வாரும் லாரி

"ஓட்டு இல்லாதவங்க ஓரமா உட்காருங்க" என்ற மாதிரி கை காட்டினார்கள். மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

இன்று மார்ச் முதல் செவ்வாய். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஊர்க்கூட்ட நாள்; ஊர்க்காரர்களே கூடி, ஊர்ச் செலவுகளை ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

பனி வாரப் புது லாரி வாங்குவதா என்று முக்கால் மணி நேரம் விவாதம். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஒரு பாட்டி, "சொத்து வரி ஏறுமே, பழசுக்கு என்ன குறை?" என்றார்.

குரல் வாக்கெடுப்பில் முடிவு தெரியவில்லை. அப்புறம் காகிதச் சீட்டு. (ஏழு வாக்காளர்கள் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், சட்டம்.)

மாநில அரசியல் படிக்கிறேன் என்று பேர்தான். இரண்டு வருடமாக வாஷிங்டன் செய்தியையே மேய்ந்திருக்கிறேன். இங்கே மதியம்வரை யாரும் கட்சிப் பெயரை எடுக்கவில்லை.

பாட்டி தோற்றார். பின்னலைச் சுருட்டிக்கொண்டு, லாரி வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்களோடு சூப் வரிசையில் நின்றார்.